வெள்ளை எங்கே போய் நிற்கும்?

நம்ம குமரி மாவட்டத்தில் பூல் டேபிளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேரம் ஆடிப் பழகிய கைகள். ஊர்ப் படிப்பகத்திலோ இளைஞர் மன்றத்திலோ போர்டைச் சுற்றி நின்று வளர்ந்தவர்களுக்குக் கோணம் பிடிப்பது சீக்கிரமே வந்துவிடும். சில நாட்களிலேயே பந்துகள் பாக்கெட்டில் விழ ஆரம்பிக்கும். ஆனால் கேரமில் ஸ்டிரைக்கர் ஒவ்வொரு அடிக்கும் கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது. குழியில் விழாத வரைக்கும் அது எங்கே போய் நின்றாலும் கவலை இல்லை. அடுத்த அடிக்குக் கோட்டில் வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பூலில் வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி. கேரம் பழகிய கை ஒருபோதும் யோசிக்க வேண்டியிருக்காத விஷயம் இது. நல்ல ஆட்டக்காரரும் சராசரி ஆட்டக்காரரும் பிரிகிற இடமும் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதிலும், வெள்ளை எந்தத் திசையில் போகும் என்பதைவிட, எவ்வளவு தூரம் ஓடி நிற்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், வேகம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எட்டுப் பந்து ஆட்டத்தில் நம்முடைய ஏழு, கறுப்பு ஒன்று, மொத்தம் எட்டுப் பந்து போட வேண்டும். ஒருவர் ஐந்துக்கு நாலு ஷாட் போடுகிறார் என்று வைப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டும் தொடர்ந்து விழ 0.8-ஐ எட்டு முறை பெருக்கினால் வருவது 0.17. ஆறு ரேக்கில் (ஒரு ரேக் என்பது ஒரு முழு ஆட்டம்) ஒன்றைத்தான் ஒரே மூச்சில் முடிப்பார். பத்துக்கு ஒன்பது போட்டால் 0.43. இருபதுக்குப் பத்தொன்பது என்றால் 0.66, அதாவது மூன்று ரேக்கில் இரண்டு. இந்த இருபதுக்குப் பத்தொன்பதை மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லிய கட் (பந்தின் ஓரத்தில் தொடும் அடி) அடித்து யாரும் எட்டுவதில்லை. இரண்டடி தூரத்தில், லேசான கோணத்தில், பாக்கெட் விரிந்து தெரிகிற பந்துகளாக எட்டும் அமைந்தால்தான் அந்த விகிதம் வரும். அப்படி அமைத்துக்கொடுப்பது வெள்ளை. பெரிய ஆட்டக்காரர் ஆடும்போது பார்க்கிறவர்களுக்கு "இதெல்லாம் நானும் போடுவேனே" என்று தோன்றும். உண்மைதான், அந்த ஒவ்வொரு ஷாட்டையும் நாமும் போடுவோம். அந்த இடத்தில் வெள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் வித்தியாசம்.

அமெரிக்காவின் வில்லி மொஸ்கோனி 1954-இல் ஒஹையோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், எட்டடி மேசையில், பந்துகளைத் திரும்பத் திரும்ப அடுக்கி ஆடும் ஸ்ட்ரெயிட் பூல் ஆட்டத்தில், தவறாமல் 526 பந்துகளைத் தொடர்ந்து போட்டார். அறுபது ஆண்டுக்கு மேல் நின்ற அந்தக் கணக்கை 2019-இல் ஜான் ஷ்மிட் 626 ஆக்கினார். 2022-இல் ஜேசன் ஷா 714 வரை கொண்டுபோனார். இந்த மாதிரி ஓட்டங்களில் பெரும்பாலான ஷாட்டுகள் பார்க்கச் சப்பென்று இருக்கும். வெள்ளை ஒரு சாண், இரண்டு சாண் நகர்ந்து நிற்கும், அவ்வளவுதான்.

வெள்ளை குறைவாக நகர வேண்டும் என்பதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. துணியில் உருளும் பந்து ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு மடங்கு வேகம் கொடுத்தால் நாலு மடங்கு தூரம். கையில் பத்து சதவீதம் வேகம் கூடிவிட்டால் தூரம் ஏறக்குறைய இருபது சதவீதம் கூடும். வெள்ளை அரை மீட்டர் மட்டும் ஓட வேண்டிய ஷாட்டில் அந்தத் தப்பு பத்து சென்டிமீட்டர். பந்து இன்னும் கைக்கு வசமாகத்தான் இருக்கும். ஒன்பதடி மேசையின் ஆடுதளம் 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். அதில் போய்த் திரும்பி வர ஐந்து மீட்டர். அதே தப்புக்கு இங்கே ஒரு மீட்டர் விலகிப் போகும். கை ஒன்றுதான், தப்பும் ஒன்றுதான். ஒருவர் அந்தத் தப்பு பெருகாத வழியைத் தேர்ந்தெடுக்கிறார், இன்னொருவர் தேர்ந்தெடுப்பதில்லை.

அடுத்தது, பந்தை எவ்வளவு தடிப்பாகத் தொடுகிறோம் என்பது, அதாவது மோதும்போது வெள்ளை அந்தப் பந்தில் எத்தனை பங்கை மறைத்து நிற்கிறது என்பது. வெள்ளை சுழற்சி இல்லாமல் வழுக்கி வந்து மோதும்போது, முக்கால் பந்து தொட்டால் வெள்ளையிடம் கால் பங்கு வேகம் மிச்சம் இருக்கும். அரைப் பந்து தொட்டால் பாதி. கால் பந்து தொட்டால் முக்கால். முழுப் பந்து என்றால் ஒன்றுமே இல்லை, அங்கேயே நின்றுவிடும். மெல்லிய கட் அடித்துவிட்டு வெள்ளை நிற்காமல் ஓடுகிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தக் கோணத்தில் வெள்ளை வேகத்தை விட்டுக்கொடுக்கவே இல்லை, ஓடத்தான் செய்யும். ஆகவே முந்தின ஷாட்டிலேயே கோணத்தைத் தடிப்பாக அமைத்துக்கொள்ள வேண்டும். 15 முதல் 30 பாகை வரையிலான கட் எனக்கு எப்போதும் பிடித்த அளவு. நேர்க்கோட்டில் நிற்கும் பந்தை ஆசையாகப் பார்ப்பது சராசரி ஆட்டக்காரரின் பழக்கம். அடுத்த பந்து அந்தக் கோட்டிலேயே இருந்தால் சரி. பக்கவாட்டில் இருந்தால், நேர்க்கோட்டில் மாட்டிக்கொண்ட வெள்ளையை அங்கே கொண்டுபோக வழியே இருக்காது.

வெள்ளை மோதிய பிறகு எந்தப் பக்கம் போகும் என்பதற்கு இரண்டு கோடுகளை மனதில் வைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. மோதும் கணத்தில் வெள்ளை சுழற்சி இல்லாமல் வழுக்கிக்கொண்டிருந்தால், அது அடிபட்ட பந்தின் பாதைக்குச் செங்குத்தாக, 90 பாகையில் விலகும். உருண்டு வந்து மோதினால், தான் வந்த திசையிலிருந்து ஏறக்குறைய 30 பாகை விலகிப் போகும். கால் பந்து முதல் முக்கால் பந்து வரை எப்படித் தொட்டாலும் இந்த 30 பெரிதாக மாறாது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நன்றாக விரித்துப் பிடித்தால் கிட்டத்தட்ட அந்த அளவு கிடைக்கும். மேசையின் மேல் கையை நீட்டி, ஒரு விரல் வெள்ளையின் வரும் திசையிலும் இன்னொன்று போகும் திசையிலும் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். பாக்கெட்டுக்குள் வெள்ளை விழப்போகிறதா என்பது அடிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடும். வேகம் இங்கேயும் உள்ளே வருகிறது. உருளும் வெள்ளை மோதியவுடன் முதலில் செங்குத்துக் கோட்டில்தான் கிளம்பும், பிறகுதான் முன்பக்கமாக வளையும். மெதுவாக அடித்தால் உடனே வளைந்துவிடும். பலமாக அடித்தால் செங்குத்துக் கோட்டில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அப்புறம் வளையும். ஒரே கோணம், ஒரே இடத்தில் அடி, வேகம் மட்டும் வேறு. வெள்ளை குஷனில் (மேசையின் ரப்பர் ஓரம்) போய்ச் சேரும் இடமோ முழங்கை நீளத்துக்கு மாறிப்போகும்.

வேகத்தைக் கையில் எங்கே வைப்பது? பின்னால் இழுக்கும் தூரத்தில் வையுங்கள். க்யூ கோலின் முன்பக்கத்தைத் தாங்கும் பிரிட்ஜ் கைக்கும் வெள்ளைக்கும் நடுவே சாதாரண ஷாட்டுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர், மெதுவான ஷாட்டுக்கு 12 முதல் 15. மெல்ல அடிக்க வேண்டியதற்கு நாலைந்து விரல்கிடை மட்டும் பின்னால் இழுத்து, சீராக முன்னால் தள்ளினால் போதும். சராசரிக் கைகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு ஒன்று உண்டு. ஷாட் மெதுவாகத்தான் வேண்டும். ஆனால் க்யூவைக் கடைசி வரை இழுத்துவிட்டு, முன்னால் வரும்போது பயந்து பிரேக் போடுவார்கள். வேகம் குறையும் கணத்தில் பிடி இறுகும், க்யூ முனை ஒரு பக்கம் திரும்பும், வெள்ளையில் நினைக்காத சைடு (பக்கச் சுழற்சி) ஏறிவிடும். பந்து பாக்கெட் ஓரத்தில் தட்டி நின்றால் குறி தவறியதாக நினைத்துக்கொள்வார்கள். குறி சரியாகத்தான் இருந்தது, கை நடுவழியில் தயங்கிவிட்டது.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். பூலுக்குக் குமரி மாவட்டம் கடினமான இடம். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையும் நமக்கு உண்டு, அக்டோபரில் வரும் வடகிழக்கு மழையும் நமக்கு உண்டு. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடற்கரைப் பக்கம் போனால் மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் மழை கூடுதல். ஆரல்வாய்மொழி பக்கம் வந்தால் கணவாய்க் காற்று. ஜன்னல் திறந்திருந்தால் துணி மேல் மண் படியும். ஆகவே நாகர்கோவிலில் ஏசி அறையில் ஓடும் மேசையில் பழகிய கை, கடற்கரை ஊரில் ஃபேன் மட்டும் சுற்றும் அறைக்குப் போனால் முதல் அரை மணி நேரம் தடுமாறும். வீட்டில் துவைத்த துணி காயாத நாளில் டேபிளும் ஓடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஈரம் ஏறினால் என்னென்ன மாறும்? துணி ஈரத்தை உறிஞ்சி உராய்வு கூடும். அதே அடிக்கு வெள்ளை குறைவாக ஓடும். இது எல்லாரும் கவனிப்பது. கவனிக்காதது பின்சுழற்சி. ஸ்டாப் ஷாட்டோ (மோதிய இடத்திலேயே வெள்ளை நிற்பது) ஸ்க்ரூவோ (மோதிவிட்டுப் பின்னால் வருவது) அடிக்கும்போது வெள்ளை பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே வழுக்கிப் போகிறது. துணியின் உராய்வு அந்தச் சுழற்சியை வழியெல்லாம் தின்றுகொண்டே வரும். காய்ந்த, புதிய துணியில் ஒரு மீட்டர் தாண்டியும் மிஞ்சும் சுழற்சி, ஈரத் துணியில் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். நேற்று நின்ற ஸ்டாப் ஷாட் இன்றைக்கு ஒரு சாண் முன்னால் ஓடுவது இதனால்தான். இன்னும் கொஞ்சம் கீழே அடிக்க வேண்டும், அல்லது கொஞ்சம் கூட்டி அடிக்க வேண்டும். கீழே என்றாலும் எல்லை உண்டு. பந்தின் விட்டம் 57 மில்லிமீட்டர். நடுவிலிருந்து 14 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் க்யூ முனை வழுக்கிவிடும். பட்டைப் பந்து ஒன்றை, பட்டை கிடைமட்டமாக இருக்கும்படி வைத்துப் பார்த்தால் பட்டையின் கீழ் விளிம்பு ஏறத்தாழ அந்த எல்லையைக் காட்டும். பழகும்போது வெள்ளைக்குப் பதில் அந்தப் பந்தையே வைத்து அடித்து, சாக் (க்யூ முனையில் தேய்க்கும் தூள்) எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். நாம் கீழே அடித்ததாக நினைக்கும் இடமும் சாக் ஒட்டிய இடமும் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம்.

பந்தும் மாறும். ஈரமும் சாக் தூளும் கைவியர்வையும் சேர்ந்து பந்துகள் மோதும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் அடிபட்ட பந்து வெள்ளை போகும் பக்கமாகக் கொஞ்சம் இழுபட்டு, நினைத்ததைவிடத் தடிப்பாகப் போகும். மெதுவாக, சுழற்சி இல்லாமல் அடிக்கும் கட்டில் இது மிக அதிகம். மழைக்காலத்தில் மெல்லத் தட்டிய சுலபமான கட் பாக்கெட்டின் ஒரே பக்கத்தில் திரும்பத் திரும்ப முட்டினால், ஒரு நூல் அளவு மெலிதாகக் குறி வையுங்கள். பந்துகளை மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, உலர்ந்த மெத்தென்ற துணியால் தேய்த்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்; நல்ல இடங்களில் அடிக்கடி செய்கிறார்கள். குஷனும் அப்படியே. அழுக்கும் ஈரமும் ஏறிய துணியில் குஷனில் பட்ட பந்து வழுக்காமல் பிடித்துக்கொண்டு, காய்ந்த மேசையைவிடக் குறுகிய கோணத்தில் திரும்பும்.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் போதும், அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கிறவர்தான் குறைவு. முதலில் வெள்ளையை முன்கோட்டில் (நம் பக்கத்தில், பிரேக் அடிக்கும் கோடு) வைத்து, எதிர் குஷனில் பட்டுத் திரும்பி வந்து நம் பக்கத்துக் குஷனுக்கு ஒரு சாணுக்குள் நிற்கும்படி அடியுங்கள். நாலைந்து முறை அடித்தால் அன்றைய வேகம் கைக்கு வந்துவிடும். பிறகு நீளவாக்கில் குஷனை ஒட்டி மிக மெதுவாக ஒரு பந்தை உருட்டிவிடுங்கள்; கடைசி ஒரு அடியில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடி அறைகளில், டைல்ஸ் தரையில் மேசைக் காலுக்கு அட்டை முட்டுக் கொடுத்திருக்கும் இடங்களில் இந்தச் சோதனை அவசியம். கடைசியாக மூன்று டைமண்ட் (மேசை ஓரத்தில் உள்ள அடையாளப் புள்ளிகள்) தூரத்தில் ஒரு பந்து வைத்து நேர் ஸ்டாப் ஷாட். வெள்ளை நின்றால் வழக்கம்போல ஆடலாம். முன்னால் ஓடினால் இன்று ஈரம் என்று அர்த்தம். அன்றைக்கு நீண்ட ஸ்க்ரூ ஷாட்டுகளைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டு, ஃபாலோவையும் (முன்சுழற்சி) குஷனையும் வைத்து வெள்ளையை நகர்த்துங்கள். உருளும் பந்தை ஈரம் அவ்வளவாகக் குழப்பாது, தூரம் மட்டும்தான் குறையும்.

ஈரத்தைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸும் நம்மைப் போலப் புழுக்கமான நாடுதான். அங்கே வளர்ந்த எஃப்ரன் ரெயஸ் 1999-இல் கார்டிஃபில் உலக ஒன்பது பந்துப் பட்டம் வென்றவர். வெள்ளையை நிறுத்தும் விஷயத்தில் அவருக்கு இணை சொல்வது கடினம். பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களின் நீண்ட, தளர்ந்த, வழுக்கிக்கொண்டு போகும் கையசைவுக்கு அந்த ஊரின் மந்தமான மேசைகளே காரணம் என்று பூல் வட்டாரத்தில் பரவலாகச் சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஓடாத துணியில் முரட்டுத்தனமாக அடித்தால் குறி போய்விடும். க்யூவை வெள்ளைக்குள் நீளமாகச் செலுத்தினால்தான் சுழற்சி ஏறும். குளச்சல்காரர் கையும் அதைக் கற்றுக்கொள்ளும்.

மழைமாதங்களில் க்யூவைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், வளைந்துவிடும். சொந்தக் க்யூ என்றால் பையில் போட்டுப் படுக்கையாக வையுங்கள். கை ஒட்டினால் தண்டை லேசாக நனைத்த துணியால் துடைத்து உடனே காயத் துடைத்தால் சரியாகும். கேரம் போர்டு ஞாபகத்தில் பவுடர் கொட்டுவது வேண்டாம். அது துணியில் இறங்கினால் அந்த இடம் திட்டுத் திட்டாக ஓடும், பிறகு யாருக்கும் வேகம் சரியாக வராது.

வேகத்துக்கு அடுத்து நல்ல ஆட்டக்காரரிடம் தெரிவது, வெள்ளை எந்த வழியாக வந்து சேர்கிறது என்பது. அடுத்த பந்துக்கு நல்ல இடம் என்பது ஒரு புள்ளி அல்ல, பந்தில் கூர்மையாகத் தொடங்கிப் பின்னால் விரிந்துகொண்டே போகும் ஒரு முக்கோணம். அந்த முக்கோணத்தின் குறுக்காக வெள்ளை வந்தால், உள்ளே நுழைந்து வெளியேற ஒரு சாண்தான் இடம். வேகம் மிகச் சரியாக இருந்தாக வேண்டும். அதே முக்கோணத்தின் நீளவாக்கில், பந்தை நோக்கியோ பந்திலிருந்து விலகியோ வந்தால் மூன்று நாலு சாண் இடம் கிடைக்கும்; கை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கோணம் கெடாது. ஒரு குஷன் கூடுதலாகத் தொட்டு வந்தாலும் பரவாயில்லை, நீளவாக்கில் வரும் வழியை எடுங்கள். பெரிய ஆட்டக்காரர்களின் ஆட்டத்தைப் பார்க்கும்போது பந்து விழுவதைப் பார்க்காமல் வெள்ளையை மட்டும் பார்த்தால் இது தெளிவாகப் புலப்படும். என்னைக் கேட்டால், மணிக்கணக்காக விளக்குவதைவிட இப்படி ஒரு ரேக் பார்ப்பது மேல்.

சைடு பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சைடு, வெள்ளை குஷனைத் தொடும் வரை நமக்குப் பெரிதாக எந்தப் பயனும் தருவதில்லை. ஆனால் அதன் விலையை முன்கூட்டியே வாங்கிவிடும்: வலது சைடு அடித்தால் வெள்ளை இடது பக்கம் தள்ளப்பட்டுக் கிளம்பும், மெதுவான ஷாட்டில் வழியில் வளைந்து திரும்பும், மோதும்போது பந்தையும் இழுக்கும். மூன்றும் வேகத்துக்கு ஏற்ப மாறும். குஷனில் கோணத்தை மாற்றியே ஆக வேண்டும் என்ற இடம் தவிர மற்ற எல்லா ஷாட்டையும் நடுக்கோட்டில், மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் மட்டும் அடித்துப் பழகினால், பந்து போடும் விகிதம் தானாக ஏறும்.

எட்டுப் பந்தில் முழு நிறப் பந்துகளா, பட்டைப் பந்துகளா என்ற தேர்வு ஒன்று இருக்கிறது, அதில் ஏராளமான ஆட்டங்கள் தோற்கின்றன. பிரேக் (அடுக்கிய பந்துகளை உடைக்கும் முதல் அடி) ஆனதும் சராசரி ஆட்டக்காரர் எந்தப் பக்கம் சுலபமான பந்து அதிகம் என்று எண்ணுவார். எண்ண வேண்டியது தொல்லைப் பந்துகளை: குஷனில் ஒட்டியவை, கூட்டத்தில் சிக்கியவை, கறுப்பு மறைத்துக்கொண்டவை. தொல்லை குறைந்த பக்கத்தை எடுங்கள். எடுத்த பிறகு அந்தத் தொல்லையைச் சீக்கிரமே தீர்க்க வேண்டும். மேசையில் சுலபமான பந்துகள் மிச்சம் இருக்கும்போதே கூட்டத்தை உடைத்தால், உடைத்த பிறகு வெள்ளை எங்கே நின்றாலும் அடிக்க ஏதாவது ஒன்று இருக்கும். சுலபமான ஐந்தையும் ஆசையாகப் போட்டுவிட்டுச் சிக்கிய இரண்டோடு நிற்பது மிகவும் மோசமான நிலை. நம் பந்துகள் போய்விட்டதால் எதிராளிக்கு மறைக்க ஆளில்லை, வழியெல்லாம் திறந்து கிடக்கிறது. நமக்கோ அவருடைய ஏழு பந்தும் குறுக்கே. "மக்கா, அஞ்சு பந்து போட்டாச்சு, கொள்ளாம்லா" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்லுவார். ஆட்டம் அந்த நேரத்தில் எதிராளி கையில் இருக்கும்.

கறுப்பிலிருந்து பின்னோக்கி யோசிப்பது இன்னும் நல்லது. கறுப்பு எந்தப் பாக்கெட்டுக்கு? அதற்கு வெள்ளை எங்கே நிற்க வேண்டும்? அந்த இடத்துக்கு ஸ்டாப் ஷாட்டிலேயே கொண்டுபோகக்கூடிய நம் பந்து எது? அதைக் கடைசி வரை தொடாமல் வையுங்கள். அது எவ்வளவு சுலபமாகத் தெரிந்தாலும் சரி.

பந்து விழாது என்று தெரிந்தால் மறைத்துவிடுவது தோல்வி இல்லை. தடிப்பாகத் தொட்டால் வெள்ளை நிற்கும், மெலிதாகத் தொட்டால் அடிபட்ட பந்து நகராது. இரண்டில் எதை அடக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு அடியுங்கள். தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து குஷனைத் தொட வேண்டும் என்ற விதியை மறக்க வேண்டாம். ஃபவுலுக்கு என்ன தண்டனை என்பதில் நம் பக்கத்துக் கடைகளில் கடைக்குக் கடை வேறுபாடு உண்டு, ஆரம்பிக்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். பிரேக்கில் முழு பலத்தைக் காட்ட வேண்டாம். முக்கால் பலத்தில் முதல் பந்தை முழுசாக, நேராகத் தொட்டு வெள்ளை மேசை நடுவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

முடிவெல்லாம் நிற்கும்போதே எடுக்க வேண்டும். எந்தப் பாக்கெட், வெள்ளையில் எங்கே அடி, என்ன வேகம், வெள்ளை நிற்குமிடம், நாலும் தீர்ந்த பிறகு குனியுங்கள். குனிந்த பிறகு மனம் மாறினால் எழுந்துவிடுங்கள். ஆட்டக்காரர்களின் கண்ணசைவை ஆராய்ந்தவர்கள், தேர்ந்தவர்களின் பார்வை அடிக்கும் முன் ஒரே இடத்தில் கூடுதல் நேரம் நிலைத்து நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். குனிந்த நிலையில் வேகத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது வராது.

பழகுவதற்கு ஒரு ஏ4 தாளும் மூன்று பந்தும் போதும். தாளை மேசையில் ஏதாவது ஓரிடத்தில் வையுங்கள். ஒரு பந்தைப் பாக்கெட்டுக்கு இரண்டடியில் வைத்து, அதைப் போட்டபின் வெள்ளை தாளில் போய் நிற்க வேண்டும். பந்து விழுந்து வெள்ளை தாளைத் தாண்டினால் அது தப்பு என்று கணக்கு வையுங்கள். பந்து விழாமல் வெள்ளை தாளில் நின்றால் பாதி சரி. இந்தக் கணக்கு வைத்தாலே கை வேகத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கும். பத்தில் ஆறு வந்ததும் தாளை இடம் மாற்றுங்கள், பத்தில் எட்டு வந்ததும் பாதியாக மடியுங்கள்.

அடுத்து மூன்று பந்துகளை மேசையில் சிதறவிட்டு, வெள்ளையைக் கையில் எடுத்து விருப்பமான இடத்தில் வையுங்கள். அடிக்கும் முன் ஒவ்வொரு பந்துக்கும் பின் வெள்ளை நிற்கப்போகும் இடத்தை க்யூ முனையால் தொட்டுக் காட்ட வேண்டும். மூன்றும் விழுந்தாலும், வெள்ளை சொன்ன இடத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல் விலகி நின்றிருந்தால் அந்தச் சுற்று சேராது. பத்துச் சுற்றில் ஏழு சேர்ந்தால் நாலு பந்து. நாலு பந்திலும் பத்துச் சுற்றில் ஏழு சேர்ந்தால் ஐந்து பந்து. மழை பெய்து துணி கனத்துக் கிடக்கும் நாளில் ஒரு பந்து குறைத்துத் தொடங்குங்கள்.